லிண்ட்னர் கடைக்குக் கலியாணம் சொல்லப் போகிறேன்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் உன் கலியாணக் கார்டுகளை மேசையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு நீ வைத்துவிட்டுப் போன பட்டியலை உன் அப்பா வாசிக்க, நான் உறைகளில் பெயர் எழுதினேன். ஜேர்மன்காரரின் பக்கத்துக்கு வந்ததும் அவர் ஒரு பெயரை விழுங்கிவிட்டு அடுத்ததுக்குத் தாவினார். நான் விடுகிற ஆளா? தாளை வாங்கிப் பார்த்தேன். என் முதலாளியம்மா ஃபிராவ் லிண்ட்னரின் பெயருக்கு மேலே கோடு. ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒன்று கீறிவிட்டு, பிறகு யோசித்து, இன்னும் அழுத்தி இன்னொன்று கீறியிருக்கிறாய். இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது. "இஞ்சேர், அவன் பெரிய ஆள். அவன்ரை கலியாணம், அவன்ரை விருப்பம்," என்றார் அப்பா. நான் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

தொலைபேசியில் சொன்னால் சண்டையில் முடியும். வாட்ஸப்பில் அனுப்பினால் நீலச் சரி இரண்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய். அதனால்தான் தாளில், தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருடம் போயும் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது, இது மெதுவாக வாசிக்க வேண்டிய கடிதம். கடைசிப் பக்கத்தில் உனக்குக் கோபம் வரும்படி ஒன்று இருக்கிறது. அதை முதலில் புரட்டிப் பார்க்காமல் ஒழுங்காக வா.

நான் சந்தேகக்காரி என்பது உனக்குப் புதிதல்ல. ஏழு வயதில் எனக்கு 'சிஐடி அம்மா' என்று பெயர் வைத்தவனே நீதான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையாக உருட்டிப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துக் கதைத்தால், இவருக்கு என்ன தேவையோ என்று அன்று முழுதும் யோசிப்பேன். இந்தக் குணத்தோடு முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டேன். சில தரம் அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. சில தரம் மற்றவர்களை நாசமாக்கியிருக்கிறது. இரண்டையும் உனக்குச் சொல்லாமல் உன்னைத் தாலி கட்ட அனுப்ப எனக்கு மனமில்லை.

லிண்ட்னர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது நீ முதலாம் வகுப்புக்குப் போன வருடம். முன்பக்கம் வேட்டை உடுப்பும் சப்பாத்தும், நடுவில் பூட்டிய கண்ணாடி அலுமாரிகளில் துவக்குகள், பின்பக்கம் என் தையல் மெஷின். இருபத்து நான்கு வருடமாக வேட்டைக்காரரின் காற்சட்டைகளுக்கு விளிம்பு மடித்துத் தைக்கிறேன். வாயில் குண்டூசிகளோடு முழங்காலில் இருந்து அளவெடுக்கிற பெண்ணை யாரும் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை. அவள் தலைக்கு மேலால் எல்லாக் கதையும் நடக்கும். மற்றவர்களுக்கு ஆட்களின் முகம்தான் தெரியும். எனக்குக் கால் தெரியும். பயந்தவனின் கால், பொய் சொல்கிறவனின் கால், பெண்சாதிக்குத் தெரியாமல் விலை கூடிய சாமான் வாங்க வந்தவனின் கால், எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

போன செப்டெம்பரில் ஃபிராவ் லிண்ட்னர் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார். ஆமிக்காரரின் துவக்கின் சாயலில் செய்த, விசையை இழுக்க இழுக்கச் சுட்டுக்கொண்டே போகிற அந்தவகை மட்டும் இனி இந்தக் கடையில் விற்கப்படாது. வேட்டைத் துவக்கும், போட்டிகளில் சுடுகிற மற்றவையும் வழமைபோல இருக்கும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாததுதான் உங்கள் ஆட்களுக்கு நெருப்பாகப் பிடித்தது. உன் குறிபார்த்துச் சுடும் கழகத்தில் முதல் கடிதத்தை எழுதியவன் மார்க்கோ, உன் பதிவுக் கலியாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடப் போகிறவன். எழுபது பேர் ஒப்பம் வைத்தீர்கள். பக்கத்து ஊர்க் கழகங்களும் சேர்ந்துகொண்டன. தோட்டா வாங்குவதில்லை, சப்பாத்து வாங்குவதில்லை, வருடாவருடம் தைக்கக் கொடுக்கிற பச்சைக் கோட்டுகளும் இல்லை. இணையத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டினார்கள். அந்தக் கடை வாசலை மிதிக்காதவர்கள்கூட ஹம்பேர்க்கில் இருந்து போட்டார்கள். நான் சிஐடி அல்லவா, ஒன்றும் விடாமல் வாசித்தேன். உன் பெயரின் முதல் எழுத்தோடு ஒன்று இருந்தது: 'இருபது வருட நம்பிக்கையை ஒரே நாளில் உடைத்த கடை.' தம்பி, இருபது வருடம் அங்கே போய்வந்தது நானல்லவா? நீ அந்தக் கடையில் வாங்கிய முதல் சாமான், ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு ஃபிராவ் லிண்ட்னர் விலை சொல்லாமல் தந்த மழைச் சப்பாத்து.

சிரிப்பும் ஒன்று சொல்கிறேன். புறக்கணிப்புத் தொடங்கி மூன்றாம் கிழமை, உங்கள் துணைத் தலைவர் பின்கதவைத் தட்டினார். கையில் ஒரு பை, பைக்குள் காற்சட்டை. "வேறை எங்கை குடுத்தாலும் வளைச்சுத் தைக்கிறாங்கள். நான் வந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்று ஜேர்மன் பாஷையில் கெஞ்சினார். பிறகு இன்னும் நான்கு பேர் அப்படி வந்தார்கள். புறக்கணிப்பு என்றால் காற்சட்டையும் நிலத்தில் இழுபடட்டுமே! நான் தைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் தைக்கும்போது யோசித்தேன். எல்லாரும் இனிப் போய் வாங்க வேண்டிய கடை இன்னதென்று உங்கள் சுற்றறிக்கையில் போட்டிருந்ததே, அந்தக் கடையில் காசாளராக இருப்பது இதே மனிதரின் மகள். அது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்குத் தற்செயலில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

நீ கழகத்தில் சேர்ந்த கதையை நீ மறந்திருக்க மாட்டாய். பத்தொன்பது வயதில் வந்து நின்று, "அம்மா, நான் சுடப் பழகப் போறன்," என்றாய். எனக்குக் கைகால் ஓடவில்லை. துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த சனத்தின் பிள்ளை காசு கட்டித் துவக்குப் பழகப் போகிறான் என்றால் யாருக்குத்தான் ஓடும்? "அம்மா, இது விளையாட்டு. மூச்சைப் பிடிக்கப் பழகிறதுதான் முழு வேலையும்," என்றாய். நான் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை உனக்குத் தெரியாமல் பின்னால் பஸ் ஏறி வந்து, கழகத்து வேலிச் செடிக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் நின்றேன். நாயோடு வந்த கிழவர் ஒருவர் என்னைக் கண்டுபிடித்து, உள்ளே கூட்டிப்போய், கோப்பியும் பிளம்ஸ் கேக்கும் தந்தார். அங்கே கண்ணாடிக்கு அப்பால் நீ நின்றாய். அவ்வளவு அமைதியாக உன்னை நான் தொட்டிலில்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று அந்தக் கிழவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும். உன் விண்ணப்பம் வந்தபோது கழகத்தில் இரண்டு மூன்று பேர் முகத்தைச் சுழித்திருக்கிறார்கள். ஃபிராவ் லிண்ட்னர் கூட்டத்தில் எழுந்து, "இவனின் தாய் பதின்மூன்று வருடமாக என் கடையைப் பூட்டுகிற திறப்பை வைத்திருக்கிறாள். அவளை நம்புவதுபோல இவனையும் நம்புவேன்," என்றாராம். நீ இரண்டு கோடு கீறிய பெயர் அது.

தைப்பொங்கலன்று நீ வந்தபோது இதைப்பற்றிக் கதை எடுத்தேன். பொங்கல் ஆறிப்போகும் வரைக்கும் சண்டை பிடித்தோம். நீ சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் ஏலாது.

"அம்மா, நான் ஒரு பிழையும் செய்யேல்லை. எல்லாம் பதிஞ்சிருக்கு. பூட்டி வைச்சிருக்கிறன். அரசாங்க அலுவலகத்திலையிருந்து வந்து துவக்கு அலுமாரியைத் திறந்து பாத்திட்டுப் போகினம். அதுக்கும் பல்லைக் காட்டிக் கொண்டு நிக்கிறன். இப்ப அவவும் எங்களைக் கொலைகாரர் மாதிரிப் பாக்கிறா எண்டால், என்ன அர்த்தம்?"

"அவ உன்னைச் சொல்லேல்லையே, ராசா."

"ஆரைச் சொல்லுறா எண்டு சொல்லாட்டில் எல்லாரையும்தான் சொல்லுறா. றெயில் ஸ்டேஷனிலை நூறு பேர் போகேக்கை பொலிஸ் என்னை மட்டும் மறிச்சுப் பாஸ்போட் கேக்கிறான். ஒண்டும் செய்யாமல் சந்தேகப்படுற முகத்துக்கு முன்னாலை நிக்கிறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். நன்றாகத் தெரியும். அதனால்தான் அன்று அடுப்படிக்குள் போய்ப் பானையைத் தேய்க்கத் தொடங்கினேன். நீ வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு போனாய். அந்த வாதத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது, இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் நான் வாயடைத்துப் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. அதற்கு வரமுன் சிவபாதம் அண்ணையின் கதையைச் சொல்ல வேண்டும்.

போரின் கடைசி மாதங்கள் உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பதின்மூன்று வயது. நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இரவு பகலாகத் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பைத்தியம் பிடித்ததுபோல் திரிந்த காலம். ஸ்ரீலங்காவில் இருந்து வருகிற சாமான் ஒன்றையும் வாங்கக்கூடாது என்று ஒரு முடிவு வந்தது. சரியான முடிவு என்றுதான் நினைத்தேன். இன்றும் பிழை என்று சொல்ல மாட்டேன். எல்லாத் தமிழ்க் கடைகளும் பிஸ்கற்றையும் சோடாவையும் தட்டில் இருந்து இறக்கின. சிவபாதம் அண்ணை மட்டும் இரண்டு கிழமை பிந்தினார். கடை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. உன் கையிலும் சுலோகம் எழுதிய ஒரு மட்டையைத் தந்து பக்கத்தில் நிறுத்தினேன். கடை வாசலில் நின்று ஒரு மனிதரை வெட்கப்பட வைக்க உனக்குப் பழக்கியவள் நான்தான், மார்க்கோ இல்லை.

அதோடு முடிந்திருக்கலாம். அண்ணை சாமான்களை இறக்கிவிட்டார். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போது முன்னுக்கு நின்றவளிடம், "ஏன் இரண்டு கிழமை பிந்தினவர்? ஆளிலை எனக்கொரு சந்தேகம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னது. நெருப்பில்லாமல் புகையாது என்று அவள் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் அந்தச் சந்தேகம் கைகால் முளைத்து, அண்ணை இங்கேயுள்ள ஸ்ரீலங்காத் தூதரகத்துக்கு ஆட்களைக் காட்டிக் கொடுக்கிறவர் என்று ஆகிவிட்டது. நான் சொன்ன சொல்லை நானே வேறு வாயில் கேட்டபோது, 'பார், நான் நினைத்தது சரி' என்று சந்தோசப்பட்டேன். என் புத்தியைப் பார்.

எங்கள் ஊரில் கோபம் என்றால் அடிபடத் தேவையில்லை. 'அவையோடை எங்களுக்கு நன்மை தீமை இல்லை' என்று ஒரு வசனம் காணும். அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் போவதில்லை, செத்த வீட்டுக்கும் போவதில்லை. அந்த வருடம் அண்ணையின் மகளுக்குக் கலியாணம். வீடு வீடாக, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு, ஆளாக வந்து சொன்னார். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் உள்ளே லைற்றை நூத்து இருட்டாக்கிவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தேன். நீயும் என்னோடு இருந்தாய். கார்டைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போனார்கள். கலியாணத்தன்று அப்பா வேலைக்கென்று வெளிக்கிட்டுப் போனார். பல வருடத்துக்குப் பிறகுதான், அதுவும் நான் துருவித் துருவிக் கேட்டபிறகு, அன்று எங்கே போனவர் என்று சொன்னார். "ஐந்நூறு கதிரை போட்டிருந்தவர். அறுபது பேர் வந்தவை. சோறு நிறைய மிஞ்சிப் போச்சு." அண்ணை அடுத்த வருடம் கடையை மூடிவிட்டு ஊர் மாறிப் போனார். எங்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவர் எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் என்பதும், அண்ணையின் தட்டுகளை அரைவிலைக்கு எடுத்தவரும் அவரே என்பதும் பிறகு தெரிந்தது. எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் அவரைச் சந்தேகப்படவில்லை.

ஆகவே, ராசா, கூட்டமாகக் கோபம் வரும்போது ஒன்றைப் பார். முதலில் கோபப்பட்டது யார், ஏன் என்று பார். எழுபது பேர் ஒப்பம் வைக்கிற தாளில் நீ எழுபதாவதாக வை. எதற்கெடுத்தாலும் முதல் ஆளாகப் பாய்வது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி.

இனிக் கோபம் வருகிற இடம். கதிரையில் இருந்து வாசி.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, இளைஞன் ஒருவன் கடைக்கு வந்தான். பச்சைக் காற்சட்டை ஒன்று எடுத்தான். வலது கால் இடதைவிட ஒன்றரை சென்ரிமீற்றர் கட்டை, அதனால் இரண்டுக்கும் வேறு வேறாக ஊசி குத்த வேண்டியிருந்தது. நான் கீழே இருந்து குத்திக்கொண்டிருக்க, அவன் அந்தவகைத் துவக்கு ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேட்டான். பத்திரமெல்லாம் சரி. ஃபிராவ் லிண்ட்னர் எடுத்து, குண்டில்லை என்று திறந்து காட்டி, கையில் கொடுத்துவிட்டு, அதற்குரிய வேறொரு துண்டை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு கணம்தான். அவன் துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணாடிக்கு வெளியே குறிபார்த்தான். தெருவின் அந்தப் பக்கம் பஸ் தரிப்பு. குழந்தை வண்டியோடு ஒரு பெண், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு, ஒரு கிழவர். துவக்கு ஒவ்வொருவராகப் போயிற்று. ஒவ்வொருவரிலும் நிற்கும்போது வாயால் மெல்ல 'டக்' என்றான். நான்கு தரம். சிரித்துக்கொண்டு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறக்கிவிட்டான்.

எனக்கு ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. பத்தொன்பது வயதில் ஊரில் நானும் ஒரு பஸ் வரிசையில் நின்றேன். சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரப் பெடியன் ஒருவன் பொழுது போகாமல் எங்களை ஒவ்வொருவராகக் குறிபார்த்து, வாயால் அதே சத்தத்தைப் போட்டான். விளையாட்டுக்குத்தான். நாங்களும் பயத்தில் சிரித்தோம். மூன்றாம் நாள் அதே வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போகவில்லை. இதை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் போனபிறகு ஃபிராவ் லிண்ட்னரிடம் கண்டதைச் சொன்னேன். "அவனுக்கு விற்காதீர்கள்," என்றேன். "பத்திரம் சரியாக இருக்கிறது. உங்கள் சந்தேகத்தை நான் எந்தத் தாளில் எழுதுவது?" என்று கேட்டார். இருந்தும் அவனுக்குச் சாமான் கையிருப்பில் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு இரண்டு கிழமை அந்த மனுசி ஒழுங்காகக் கதைக்கவில்லை. ஒருநாள் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "யாருக்கு விற்கலாம் என்று என் தையல்காரி காலைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சாமானை நான் இனி விற்க மாட்டேன். அடுத்தமுறை நீங்கள் விடுமுறையில் நிற்கலாம்." மற்றநாள் அறிவித்தல் கதவில் இருந்தது. என் பெயரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோதும் சொல்லவில்லை. பத்திரிகையில் படம் வருவதற்கு ஆசைப்பட்டுத்தான் இதெல்லாம் செய்கிறாவோ என்று அவவையும் நான் சந்தேகப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் 'இதுதான் நடந்தது' என்று ஒரு வசனம் சொன்னாலே பாதிப்பேர் வாய் மூடியிருப்பார்கள். கதவில் ஆபாசமாக எழுதினார்கள், வேலைக்கிருந்த இருவரை நிறுத்த வேண்டி வந்தது, கோடைக்குப் பிறகு கடை இருக்குமோ தெரியாது. அவ சொல்லவில்லை.

கார்த்திகையில் உன் பிறந்தநாளுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் சிநேகிதன் ஒருவன் கேக்கோடு உள்ளே வந்து, கைகூப்பி, "வணக்கம் அம்மா," என்றான். நீதான் பழக்கியிருப்பாய். நான் முகத்தைப் பார்க்கமுன் காலைப் பார்த்தேன். பச்சைக் காற்சட்டை. வலது விளிம்பு ஒன்றரை சென்ரிமீற்றர் கூட மடித்தது. என் தையல் எனக்குத் தெரியாதா? அவனுக்கு என்னைத் தெரியவில்லை. அவன்தான் உன் மார்க்கோ. அன்று கோப்பை எல்லாம் கழுவினான். உழுந்து வடைக்குப் பெயர் கேட்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான். என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து காரில் வைத்து, பெல்ற் போட்டேனா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.

இப்போது விளங்குகிறதா? நீங்கள் புறக்கணிக்க வேண்டியது அந்தக் கடையை அல்ல, என்னை. ஒன்றும் செய்யாதவனைச் சந்தேகப்பட்ட முகம் என்னுடைய முகம். நீ பொங்கலன்று ஸ்டேஷன் பொலிஸ்காரனைப் பற்றிச் சொன்னாயே, நான் பானையைத் தேய்த்தபடி அழுதது அதற்குத்தான். மார்க்கோ விளையாட்டுக்குச் செய்தானா? இருக்கலாம். கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிற இளந்தாரிப் புத்தியாக இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் இன்னொரு ஆடி வெள்ளிக்கிழமை அதையே கண்டால் நான் அதையேதான் சொல்வேன். சிவபாதம் அண்ணை விசயத்தில் நான் ஒன்றையும் காணாமல் சொன்னேன். இதில் கண்டதைச் சொன்னேன். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரவில் நித்திரை கொள்கிறேன், அதுவும் சில நாள் மட்டும்.

போன ஞாயிறு நீ பட்டியலை வைத்துவிட்டுப் போனபிறகு, அதைப் பார்க்கமுதலே, அப்பாவும் நானும் சிவபாதம் அண்ணை வீட்டுக்குப் போனோம். இரண்டு மணித்தியால ஓட்டம். தலை முழுக்க நரைத்துப் போனார். கதவைத் திறந்து எங்களைக் கண்டதும் லைற்றைப் போட்டார். எனக்கு அது காணும், அந்த இடத்திலேயே உடைந்துபோனேன். கோயில் வரிசையில் சொன்னதை, லைற்றை நூத்ததை, எல்லாம் அவர் முன்னால் சொன்னேன். அண்ணையின் பெண்சாதி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. அண்ணை நாங்கள் முதலாவதாகக் கொடுத்த உன் கார்டை எடுத்து மஞ்சளைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணை, கட்டாயம் வரவேணும்," என்றார் அப்பா.

"வாறன், வாறன். ஆளா வந்து சொல்லியிருக்கிறியள்," என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "எத்தினை கதிரை போடுறியள், தங்கச்சி?"

ஒரு கோபமும் இல்லாமல்தான் கேட்டார். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி காதுக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகவில்லை, உன் இரண்டு கோட்டைக் காண்கிறேன்.

இந்தக் கடிதத்தின் பிரதியை, பெயர்களை மாற்றி, எங்கள் சங்க மலருக்குக் கொடுக்கப் போகிறேன். சந்தேகத்தை நாலு பேர் காதில் போட்டவள் மன்னிப்பை மட்டும் ரகசியமாகக் கேட்பது நீதியில்லை. மார்க்கோவிடமும் நானே போய்ச் சொல்லுவேன். நீ இடையில் நிற்காதே. அவன் என்னைத் திட்டினால் திட்டட்டும். அவன் உனக்குச் சாட்சியாக நிற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நான் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அறுபது வயதுக்கு மேல் என் குணத்தை மாற்ற ஏலாது.

வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அப்பாவோடு, சேலை உடுத்து, முன்கதவால் லிண்ட்னர் கடைக்குப் போகிறேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் அந்தக் கதவால் போனதில்லை. கலியாணம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். நீயும் வந்தால் கார்டை உன் கையால் கொடு, நான் பின்னால் நிற்கிறேன். வராவிட்டால் உன் மேல் கோபிக்க மாட்டேன். நான் கற்றுத் தந்ததைத்தானே செய்கிறாய்? மண்டபத்துக்குக் கதிரைக் கணக்குக் கொடுக்கும்போது ஒன்றையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய்க்கென்று ஒன்று இருக்குமே, அதில் ஃபிராவ் லிண்ட்னர் இருக்கட்டும். நான் பின்னால், சிவபாதம் அண்ணைக்குப் பக்கத்தில், நின்றபடி உன் தாலிகட்டைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா